படத்தின் பின்பக்கம்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் எங்கள் மகள் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் நகரம் முன்னர் எப்படி இருந்தது என்று வகுப்பில் படிக்கிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய தாத்தாவோ பாட்டியோ வேலை செய்யும் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, அதைப்பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டுமாம். டொச்சில் இருந்த அந்தக் கடிதத்தை நாங்கள் இருவரும் மாறிமாறி வாசித்தோம். விளங்காமல் அல்ல. விளங்கியதால்தான் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

எங்களிடம் அப்படி ஒரு படமும் இல்லை.

எங்கள் இருவரில் ஒருவரின் வீட்டு அல்பம் வீட்டோடு எரிந்தது. மற்றவரின் வீட்டு அல்பங்கள் மூன்றும் 2009 தை மாதம் விசுவமடுவில் ஒரு வளவுக்குள் புதைக்கப்பட்டன. சொப்பிங் பைக்குள் வைத்து, அதற்கு மேல் உரப்பையால் சுற்றிக் கட்டி, தென்னை மரத்தடியில் தாட்டோம். திரும்பி வந்து எடுக்கலாம் என்ற நினைப்பு. முகாமிலிருந்து விட்டபின் போய்க் கிண்டிப் பார்த்தபோது தென்னையும் இல்லை, வேலியும் இல்லை. கறையான் தின்ற மட்டை ஒன்று மட்டும் கையில் வந்தது. பிள்ளையின் அப்பப்பா அந்தச் சித்திரையிலேயே செல் விழுந்து போய்விட்டார். அவருடைய முகம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டையில் உள்ள முத்திரை அளவுப் படம் மட்டுந்தான். அதில் அவர் வேலை செய்யவில்லை. கமராவைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறார்.

"எல்லாப் பிள்ளையளிட்டயும் இருக்கு. ஏன் எங்களிட்ட மட்டும் இல்லை?" என்று மகள் கேட்டாள். நாங்கள் பதில் சொல்லாமல் சோற்றைப் போட்டோம். பெரிய படிப்புப் படித்தவர்கள் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நாங்கள் சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். இங்கே இருவரும் பக்ரரியில் வேலை, ஒருவர் காலையில், மற்றவர் இரவில். அடுத்தநாள் ஆசிரியைக்கு "படம் இல்லை" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பதென்று முடிவுசெய்தோம்.

நாங்கள் இருப்பது ஹம் நகரத்தில். வாசகர்களில் பலர் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு இங்கே வந்திருப்பீர்கள். தேர் பார்த்து, தீர்த்தமாடி, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான். ஹம் என்றால் எங்களுக்குக் கோயில், வேலை, றெயில் நிலையம். இது ஒரு நிலக்கரி ஊர் என்பதை இங்கு குடியிருந்து ஏழு வருடம் ஆனபிறகுதான் அறிந்தோம். அதுவும் மகளின் கடிதத்தால்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் ஒரு வயதான யேர்மன் அம்மா தனியாக இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. பிள்ளை அவரை ஓமா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குக் கடையில் பாரம் தூக்கிக் கொடுப்போம், அவர் எங்களுக்கு வரும் கந்தோர்க் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவார். அன்று பின்னேரம் மகள் போய் ஓமாவிடம் முறையிட்டிருக்கிறாள். சற்று நேரத்தில் ஓமா ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். அவருடைய புருஷனும் மாமனாரும் மாமனாரின் தகப்பனும் மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களாம். பெட்டி நிறையப் படங்கள். "நீ இவையளைக் கொண்டுபோ. என்ர தாத்தா எண்டு சொல்லு. அவை கோவிக்கமாட்டினம்" என்றார்.

அன்றிரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டி முழுவதையும் பரப்பினோம்.

சுரங்கம் என்றவுடன் கரி பூசிய முகங்களை எதிர்பார்த்தோம். அப்படிப் படங்கள் நாலைந்துதான் இருந்தன. மற்றதெல்லாம் வீட்டுப் படங்கள். சுரங்கக் கொம்பனி கட்டிக்கொடுத்த, ஒன்றைப்போல் ஒன்றாக நிற்கும் செங்கல் வீடுகள். வீட்டுக்குப் பின்னால் நீளமான தோட்டம், உருளைக்கிழங்குப் பாத்தி, கோவா, அவரைப் பந்தல். ஒரு கொட்டிலுக்குள் ஆடு. இங்கே அந்தக் காலத்தில் ஆட்டைச் சுரங்கத் தொழிலாளியின் பசு என்று சொல்வார்களாம். மாடு வாங்க வசதி இல்லாதவன் ஆடு வளர்த்துப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தான். கூரைக்குக் கீழே புறாக்கூடு. ஞாயிற்றுக்கிழமை புறாப் பந்தயம். நாளெல்லாம் நிலத்துக்குக் கீழே கிடந்தவனுக்கு வானத்தில் பறப்பதைப் பார்க்க ஆசை வரும்தானே என்று ஓமா சொன்னார்.

ஒரு படத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப்போடுகிறாள். கொடியில் வெள்ளைச் சேலைகளைப் போல விரிப்புகள். பின்னால் சுரங்கக் கோபுரமும் புகைக்குழாயும். காற்று மாறி வீசினால் காய்ந்த வெள்ளை கறுப்பாகிவிடும், திரும்பவும் தோய்க்க வேண்டும். அதனால் கொடியில் உடுப்பைப் போட்டுவிட்டுப் பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ரூர் பிரதேசத்து வானம் மறுபடி நீலமாக வேண்டும் என்று 1961இல் வில்லி பிராண்ட் தேர்தல் மேடையிலே பேசினாராம். அந்த அளவுக்குப் புகை.

இன்னொரு படத்தில் ஒரு குதிரை. சுரங்கத்துக்கு உள்ளே வண்டி இழுத்த குதிரை. குதிரைகளை நிலத்துக்குக் கீழேயே தொழுவம் கட்டி வைத்திருந்தார்கள். தொபியாஸ் என்ற பெயருள்ள கடைசிக் குதிரை 1966இல்தான் வெளியே வந்தது என்று பிறகு அறிந்தோம். ஓமாவின் படத்தில் குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெடியன் நிற்கிறான். பதினாறு, பதினேழு வயதிருக்கும். படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் குதிரையின் பெயர் எழுதியிருந்தது. பெடியனின் பெயர் இல்லை.

கடைசியாக ஓமா ஒரு பெரிய படத்தை எடுத்தார். தடித்த மட்டையில் ஒட்டியது. சுரங்க வாசலில் நாற்பது பேர் வரையில் நாலு வரிசையாக இருக்கிறார்கள். முன்வரிசை நிலத்தில் படுத்தாற்போல. ஒவ்வொருவர் கையிலும் விளக்கு. பழைய கமராவுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும் என்பதால் எல்லோரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள். இரண்டாவது வரிசையில் ஒருவரின் தலைக்கு மேலே மையினால் ஒரு சிறிய சிலுவைக் குறி.

அது றாட்பொட் சுரங்கம். ஹம் நகரின் வடமேற்கே இருக்கிறது. 1905இல் கிணறு தோண்டத் தொடங்கிய சுரங்கம். ஓமாவின் புருஷனுடைய பாட்டனாரும் அவர் தம்பியும் கிழக்கே மசூரியாவிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர்களாம். படம் எடுத்தது 1908ஆம் ஆண்டு கோடையில் என்பது மட்டும் தெரியும். "சிலுவை போட்டது பாட்டனார். ஊரிலை இருந்த தாய்க்கு இதுதான் நான் எண்டு காட்டப் போட்டவர் எண்டு என்ர மாமியார் சொல்லுவா. இல்லை, அது செத்துப்போன தம்பிக்குப் போட்ட சிலுவை எண்டு என்ர மனுசன் சொல்லுவார். அண்ணன் தம்பி ரண்டுபேரும் ஒரே சாயல். இப்ப கேக்கிறதுக்கு ஒருதரும் இல்லை" என்றார் ஓமா. படத்தைத் திருப்பினோம். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

1908 நவம்பர் 12ஆம் திகதி விடியற்காலையில் றாட்பொட் சுரங்கத்துக்குள் வெடித்தது. இரவு வேலைக்கு இறங்கியவர்களில் ஏறக்குறைய 350 பேர் இறந்தார்கள். உள்ளே நெருப்பு அணையவில்லை. கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டு நிரப்பி நெருப்பை அணைத்தார்கள். உள்ளே கிடந்தவர்களை எடுக்க மாதக்கணக்கில் சென்றது. சவப்பெட்டிகளையும் அழுகிற பெண்களையும் வாசலில் கூடிய சனத்தையும் படம்பிடித்துத் தபாலட்டையாக அச்சடித்து விற்றார்கள். ஓமாவின் பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தது. அதை மகளுக்குக் காட்டாமல் அடியில் வைத்துவிட்டார்.

எங்கள் இருவருக்கும் அன்று நித்திரை வரவில்லை. ஓமாவின் புருஷனுடைய பாட்டனார் அன்றைக்குப் பகல் வேலைக்காரன், தம்பி இரவு வேலைக்காரன். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டிலும் அதே கணக்குத்தான். பங்கருக்குள் இருந்தவர் தப்பினார், தண்ணீர் எடுக்கப் போனவர் தப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எஸன் நகருக்குப் போனோம். அங்கே சொல்வெரைன் என்ற பெரிய சுரங்கம் இருக்கிறது. அதன் பன்னிரண்டாவது கிணறு 1932இல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்குப் 12,000 தொன் நிலக்கரி மேலே வந்ததாம். 1986 டிசம்பரில் மூடினார்கள். 2001இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. நிலக்கரி கழுவிய கட்டிடத்துக்குள் இப்போது ரூர் அருங்காட்சியகம். புதிதாக வந்தவர்கள் கட்டாயம் ஒருமுறை பிள்ளைகளுடன் போய்ப் பாருங்கள். எங்களைப்போல அரைகுறை டொச் தெரிந்தவர்களுக்கும் படங்கள் பேசும்.

அங்கே நாங்கள் அறிந்தவற்றுள் இரண்டு மூன்றைச் சொல்லவேண்டும்.

முதலாவது, யார் படம் எடுத்தார்கள் என்பது. எஸனில் குறுப் என்ற பெரிய உருக்குக் கொம்பனி 1861ஆம் ஆண்டிலேயே தனக்கென்று படப்பிடிப்புப் பிரிவு வைத்திருந்தது. கொம்பனி எடுத்த படத்தில் இயந்திரம் பெரிதாக இருக்கும், மனிதன் அதன் உயரத்தைக் காட்டுவதற்காகப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருப்பான். நிலத்துக்குக் கீழே எடுத்த பழைய படங்கள் குறைவு. தீப்பற்றும் வாயு உள்ள இடத்தில் வெளிச்சத்துக்கு மருந்து கொளுத்திப் படம் எடுத்தால் எல்லோருமே போகவேண்டியதுதான். ஆகவே மனிதன் வேலை செய்த இடத்தின் படம் குறைவு, வேலை முடிந்து வரிசையில் நின்ற படம் அதிகம்.

இரண்டாவது, இலக்கம். உடுப்பு மாற்றும் மண்டபத்தின் படம் ஒன்றைப் பார்த்து மகள் பயந்துபோனாள். முகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மனிதர்கள் தொங்குவதுபோல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் உடுப்புகள். ஒவ்வொருவனும் தன் உடுப்பைக் கொளுக்கியில் மாட்டி, சங்கிலியால் மேலே இழுத்துப் பூட்டிவிட்டு இறங்குவான். கொளுக்கிக்கு ஒரு இலக்கம். வேலைக்கு இறங்கும்போது எடுக்கும் பித்தளைத் தகட்டிலும் இலக்கம். வேலை முடிந்தபின் எந்தத் தகடு திரும்பி வரவில்லையோ அந்த இலக்கத்துக்குரியவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அறிவார்கள். எங்கள் பக்ரரியிலும் அட்டை தேய்த்துத்தான் உள்ளே போகிறோம். மாஸ்ரருக்கு எங்கள் பெயரை உச்சரிக்க வராது. முன்பாதியை மட்டும் சொல்வார். இலக்கத்தைப் பிழையில்லாமல் சொல்வார்.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் உலுக்கியது. இந்தப் படங்களில் நிற்பவர்களில் பெருந்தொகையானோர் இந்த ஊர்க்காரர் அல்ல. முதலாம் உலகயுத்தத்துக்கு முன்னர் போசன், மசூரியா போன்ற கிழக்குப் பகுதிகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் ரூர் பிரதேசத்துக்கு வந்தார்கள். போலிஷ் பேசியவர்கள், மசூரியன் பேசியவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கு இருப்பதுபோல டொச் பிரச்சினை. 1899இல் சுரங்கத்தில் வேலை செய்ய டொச் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வருடம் ஹேர்ண பகுதியில் போலிஷ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பெரும் கலவரம் ஆனது. 1908இல் வந்த சங்கச் சட்டத்தில் பொதுக்கூட்டங்களை டொச்சில்தான் நடத்தவேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்தச் சனமும் சும்மா இருக்கவில்லை. சங்கம் வைத்தார்கள், பாட்டுக் குழு வைத்தார்கள், பொஹும் நகரில் தங்கள் மொழியில் பத்திரிகை நடத்தினார்கள். இந்தப் பத்திரிகையைப்போல, வேலை முடிந்து வந்து களைத்த கண்ணோடு யாரோ எழுதி, யாரோ வாசித்திருப்பார்கள்.

அவர்களுக்கு என்ன நடந்தது? சிலர் போலந்துக்குத் திரும்பினார்கள், சிலர் பிரான்சின் சுரங்கங்களுக்குப் போனார்கள், மிச்சப்பேர் இங்கேயே கரைந்தார்கள். பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். பந்தடி பார்ப்பவர்களுக்கு ஷால்க கழகத்தைத் தெரிந்திருக்கும். அது 1934இல் முதன்முறை யேர்மன் சம்பியனானபோது பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் குசோராவும் செப்பானும். இருவரும் மசூரியாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களின் பெயரை நாடே சொல்லியது. அவர்களின் தகப்பன் தலைமுறையோ பெயரில்லாத நாலு வரிசையாகச் சுவரில் நிற்கிறது.

பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். 1957இல் மேற்கு யேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் வேலை செய்தார்கள். 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து ஆட்களை எடுத்தார்கள். யுத்தகாலத்தில் கைதிகளாகப் பிடித்துவந்து பட்டினியோடு சுரங்கத்தில் இறக்கப்பட்ட சோவியத் மனிதர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டமும் இல்லை, புறாவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் படமும் இல்லை.

அங்கே எரிக் கிறிசார் என்பவரைப்பற்றி ஒருவர் சொன்னார். டோட்முண்டில் பிறந்த தொழிலாளி, பிறகு எழுத்தாளரானவர். 1928 முதல் 1933 வரை கமராவைத் தூக்கிக்கொண்டு தன் பிரதேசத்தைச் சுற்றினார். இயந்திரத்தைவிட மனிதர்களைத்தான் தேடினார். தெருவில் விளையாடும் பிள்ளைகள், சந்தையில் நிற்கும் பெண்கள், வேலையில்லாமல் மதிலில் சாய்ந்திருப்பவர்கள். அவருடைய படங்களை 2016இல் இந்த அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சியாக வைத்தார்களாம். ஒரு தொழிலாளி தன்னுடைய சனத்தைத் தானே எடுத்த படங்கள்.

திரும்பி வரும்போது றெயிலில் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். இந்த நிலக்கரி ஊர்களைப்பற்றி றாட்பொட் தபாலட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தால் என்ன நினைத்திருப்போம்? பாவம், செத்துப்போன சனம் என்று நினைத்திருப்போம். ஆடும் புறாவும் கொடியில் காய்ந்த விரிப்பும் இருந்தபடியால்தான் அது வாழ்ந்த சனம் என்று தெரிகிறது. எங்களைப்பற்றி உலகத்திடம் இருக்கும் படங்கள் எவை? முள்ளிவாய்க்கால் படங்கள். ஒவ்வொரு மே மாதமும் அவற்றைத்தான் தூக்கிப் பிடிக்கிறோம். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளைகள் தங்கள் சனத்தைச் சவமாக மட்டும் கண்டு வளர்கிறார்கள். நெல் விதைத்ததையும், சைக்கிளில் மூன்றுபேர் படத்துக்குப் போனதையும், வாய்க்காலில் குளித்ததையும் அவர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

இரவு ஊருக்குத் தொலைபேசி எடுத்து அப்பம்மாவிடம் இதைச் சொன்னோம். அப்பம்மா கிளிநொச்சியில் இருக்கிறா. "ரொறன்ரோவிலை பெரியக்காவிட்டக் கேளுங்கோ. அவள் 96க்கு முன்னமே போனவள். கலியாண அல்பம் கொண்டுபோனவள்" என்றா. பெரியக்கா, அதாவது எங்களுக்குப் பெரியம்மா, இப்போது நினைவு தடுமாறி ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறா. அவவின் மகன் அல்பத்தை நிலக்கீழ் அறையிலிருந்து தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். "இதிலை இருக்கிற முக்காவாசிப் பேர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. வீடு மாறேக்கை எறிவம் எண்டு வைச்சிருந்தனாங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்.

இருபத்தாறு பக்கம். அப்பம்மாவுக்கு அனுப்பினோம். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. கண்ணாடி போட்டும் சரியாகப் பார்வை தெரியாத மனுசி, பதினோராவது பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தா. பிறகு, "பொம்பிளைக்குப் பின்னாலை ஏணியிலை நிக்கிறது ஆர்?" என்று கேட்டா.

மணப்பெண் கதிரையில் இருக்கிறா. படம் எடுத்தவர் அவவைத்தான் எடுத்திருக்கிறார். பின்னால், சற்று மங்கலாக, ஏணியில் ஏறி நின்று ஒருவர் பந்தலுக்குத் தோரணம் கட்டுகிறார். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார், வாயில் ஒரு கயிறு கடித்திருக்கிறார், முகம் பாதி திரும்பியிருக்கிறது. முப்பது வருடமாக அந்த மனிதர் ரொறன்ரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் யாரென்று தெரியாதவராக இருந்திருக்கிறார். "உந்த இடது தோள் மற்றத் தோளைவிட உயர்ந்திருக்கும். நெல்லு மூட்டை தூக்கித் தூக்கி வந்தது" என்றா அப்பம்மா.

மகள் அந்தப் படத்தைத்தான் பாடசாலைக்குக் கொண்டுபோனாள். கடையில் பெரிதாக்கி எடுத்துக் கொடுத்தோம். அப்பம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு, கொப்பியில் டொச்சில் எழுதினாள்: அப்பப்பா கமக்காரன், நாலு ஏக்கர் வயல், இரணைமடுக் குளத்துத் தண்ணீர், கலியாண வீடென்றால் கேட்காமலே போய்ப் பந்தல் போடுவார். ஐந்து நிமிடம் கேட்டார்கள், பன்னிரண்டு நிமிடம் பேசினாளாம். பக்கத்தில் ஓமாவின் நாற்பது பேர் படத்தையும் வைத்தாளாம். ஒரு துருக்கிப் பெடியன் தன் பாட்டன் சுரங்க உடுப்போடு நிற்கும் படத்தைக் கொண்டுவந்திருந்தானாம். "எல்லாத் தாத்தாக்களும் பாரம் தூக்கினவை" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

ஹம் நகரின் கடைசிச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. யேர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பொட்றொப் நகரில் மூடப்பட்டது. அங்கு வெளியே எடுத்த கடைசிக் கரித்துண்டை நாட்டின் ஜனாதிபதியிடம் கையளித்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஏறி விளையாடும் மக்சிமிலியன் பூங்காவின் கண்ணாடி யானைகூட ஒருகாலத்தில் நிலக்கரி கழுவிய கட்டிடம். அந்தச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 1914இல் கைவிட்டார்கள், எழுபது வருடம் கழித்து 1984இல் யானையாக்கினார்கள். அதே 1914இல் திறந்த கால்வாயில்தான் இன்று அம்பாளுக்குத் தீர்த்தம். நிலக்கரிக் கப்பல் ஓடிய தண்ணீர் அது. ஊர் மாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் வேலை செய்யும் பக்ரரிகளும் ஒருநாள் மூடப்படும். அன்றைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

ஆகவே, புதிதாக வந்து குடியேறியிருக்கும் உறவுகளே, அறிவுரை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. பட்டதைச் சொல்கிறோம்.

சாமத்தியவீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் கமராக்காரனைப் பிடித்து ஆயிரக்கணக்கில் செலவழித்துப் படம் எடுக்கிறோம். அதில் எல்லோரும் நகையோடு நிற்கிறோம். அதோடு ஒரு சாதாரண நாளையும் எடுங்கள். வேலைக்குப் போகும் உடுப்போடு, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு விடிய நாலு மணிக்கு பஸ் தரிப்பில் நிற்பதை எடுங்கள். பல பக்ரரிகளுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். வாசலில் நின்று எடுங்கள். புட்டு அவிப்பதை, பல்கனியில் கறிவேப்பிலைச் சாடி வைத்திருப்பதை, நாலுபேர் ஒரு அறையில் படுத்திருப்பதை எடுங்கள். அதற்காக வெட்கப்படவேண்டாம்.

எடுத்ததைத் தொலைபேசிக்குள் விட்டுவைக்காதீர்கள். தொலைபேசி உடைந்தால் அதுவும் தென்னைமரத்தடி அல்பம்தான். வருடத்தில் பத்துப் படமாவது கடதாசியில் எடுத்து வையுங்கள். பின்பக்கம் மெதுவான பென்சிலால் பெயர், ஊர், வருடம், என்ன வேலை என்று எழுதுங்கள். பேனையால் அழுத்தினால் முன்பக்கம் தெரியும். தமிழிலும் எழுதுங்கள், டொச்சிலும் எழுதுங்கள். எங்கள் பேரப்பிள்ளைகள் எதை வாசிப்பார்கள் என்று இன்று சொல்லமுடியாது.

உறவினர் வீடுகளில் 2009க்கு முன்னர் கொண்டுவந்த அல்பங்கள் இருந்தால், மணமக்களை மட்டும் பார்க்காமல் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். யாரோ ஒருவரின் அப்பா அங்கே வாழைக்குலை கட்டிக்கொண்டிருக்கலாம். யாரோ ஒருவரின் தங்கச்சி மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு படத்துக்காக வன்னியில் ஒரு தாய் காத்திருக்கலாம். பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

சென்ற கிழமை ஓமாவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். நாற்பது பேர் படத்தின் பின்பக்கம் அவருக்குத் தெரிந்ததை எழுதச் சொல்லி மகள் பென்சிலை நீட்டினாள். ஓமாவின் கை நடுங்கியது. ஆனாலும் எழுதினார். றாட்பொட், 1908 கோடை. இரண்டு பெயர்கள். சிலுவை இவர்களில் ஒருவர், யாரென்று தெரியாது.

கீழே மகள் தன் பெயரையும் அன்றைய திகதியையும் எழுதினாள்.